உப்பிப்போன மீன் டின்: பறிமுதல், ஆய்வு, வழக்கு பற்றி வேலூர் வட்டாரத்தில் கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் பக்கம் மீன் என்றால் ஏரி மீன், இல்லாவிட்டால் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் கடல் மீன். டின் மீனை இங்கே யார் வாங்குகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மேல்மொணவூர் மறுவாழ்வு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கு டின் மீன் குழம்பு பழகிய சாப்பாடு. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் பெட்டியில் சூரை டின் கொண்டுவருகிறார்கள். சிஎம்சியில் வைத்தியம் பார்க்க வந்து, லாட்ஜ் அறையிலேயே சமைத்துச் சாப்பிடும் வங்காளத்துக் குடும்பங்களும் வடகிழக்குக் குடும்பங்களும் இருக்கிறார்கள். விடுதி மாணவர்களும் வாங்குகிறார்கள். ஆக, சரக்கு வருகிறது, விற்கிறது, சில சமயம் விற்காமல் குடோனில் கிடந்து கெட்டும் போகிறது. அப்படிக் கெட்டதை அதிகாரிகள் பறிமுதல் செய்தால் அதன்பின் என்ன நடக்கும், நடக்க வேண்டும் என்பதற்கான பதில்கள் இவை.

டின் ஏன் உப்புகிறது?

உள்ளே வாயு சேர்வதால். மீனை டின்னில் அடைத்து, காற்றை வெளியேற்றி, மூடியை மடித்து ஒட்டி, பிறகு நீராவி அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் சாவதில்லை. அவற்றைக் கொல்லத்தான் இவ்வளவு சூடு. சூடு போதாமல் போனாலோ, மூடியின் மடிப்பு சரியாக ஒட்டாமல் பின்னால் தண்ணீரோ காற்றோ உள்ளே போனாலோ, கிருமிகள் மீனைத் தின்று பெருகி வாயுவை விடும். டின்னின் மேலும் கீழும் வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

தக்காளிச் சாறில் போட்ட மத்தி டின்னில் வேறொன்றும் நடக்கலாம். புளிப்பு நாளடைவில் டின்னின் உலோகத்தை அரித்து ஹைட்ரஜன் வாயு உண்டாகும். இதில் கிருமி வேலை இல்லை. ஆனால் எது கிருமி வாயு, எது உலோக வாயு என்று வீட்டில் நின்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் உப்பிய டின் எதுவாக இருந்தாலும் கெட்ட டின் என்றே கொள்ளுங்கள்.

மூடியை விரலால் அமுக்கினால் உள்ளே போகிறது, விட்டால் திரும்ப வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். வாயு சேர ஆரம்பித்ததன் அடையாளம் அது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பும் டின்னும் அப்படித்தான்.

நம் ஊர் வெயிலில் டின் மீன் சீக்கிரம் கெடுமா?

நன்றாகச் சூடேற்றி அடைத்த டின், அறை வெப்பத்தில் தேதி வரை தாங்கும். சிக்கல், 'அறை வெப்பம்' என்பதில் இருக்கிறது. வேலூரில் கோடையில் வெளியே 40 டிகிரியைத் தாண்டுகிறது. தகர ஷீட்டோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட குடோனுக்குள், கூரைக்குப் பக்கத்தில் அடுக்கிய பெட்டிகளின் சூடு அதற்கும் மேலே போகும். சூட்டை விரும்பும் கிருமி வகைகள் சில உண்டு. அவற்றின் வித்துகள் தொழிற்சாலைச் சூட்டையும் தாங்கி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும், கேரளக் கடற்கரையின் சாதாரணக் கடையில் கடைசி வரை எழாமலே போகலாம். நம் ஊர்க் குடோனில் சித்திரை, வைகாசி மாதங்களில் எழுந்துகொள்ளும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் துரு வேறு.

ஆகவே 'தேதி இன்னும் இருக்கிறதே' என்பது முழுப் பதில் ஆகாது. சரக்கை எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்பதையும் அதிகாரி கேட்க வேண்டும், கேட்கவும் சட்டம் இடம் தருகிறது.

உப்பாத டின் என்றால் நல்ல டின்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. வாயுவே விடாமல் புளிக்க வைக்கும் கிருமிகள் இருக்கின்றன. மூடி மடிப்பில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் வாயு வெளியேறிவிடும், டின் உப்பாது. அதனால் மடிப்பு ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு, லேபிளில் எண்ணெய்க் கறை, மடிப்பின் மேலேயே விழுந்த கூர்மையான நெளிவு, துடைத்தாலும் போகாத ஆழமான துரு, இவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். உடம்புப் பகுதியில் வழவழப்பாக விழுந்த சின்ன நெளிவு பொதுவாகப் பயப்படும் விஷயம் இல்லை.

இதையெல்லாம் தாண்டிய ஒரு ஆபத்தும் உண்டு. சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களைப் பிடித்ததும் ஐஸில் வைக்காமல் விட்டால், சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். பிறகு அதே மீனை டின்னில் அடைத்து 121 டிகிரியில் சூடாக்கினாலும் ஹிஸ்டமின் அழியாது. டின் உப்பாது, பல நேரம் நாற்றமும் இருக்காது. ஆய்வகத்தில்தான் தெரியும். கண்ணால் பார்த்து மட்டும் சரக்கைத் தள்ளுவது போதாது, மாதிரி எடுத்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

நன்றாகக் கொதிக்க வைத்துக் குழம்பு வைத்தால் சரியாகிவிடாதா?

பொட்டுலினம் நஞ்சு நல்ல கொதியில் சிதையும் என்பது உண்மை. ஆனால் ஹிஸ்டமின் சிதையாது, வேறு சில கிருமிகள் விட்ட நஞ்சும் கொதியைத் தாங்கும். டின்னைத் திறக்கும்போது தெறிக்கும் சாறும், ருசி பார்க்க நாக்கில் வைக்கும் ஒரு சொட்டும் கொதிப்பதற்கு முந்தியவை. எண்பது, நூறு ரூபாய் டின்னுக்காக இந்த ஆபத்து வேண்டாம்.

டின்னுக்குள் கண்ணாடித் துண்டு மாதிரி இருந்தது. புகார் கொடுக்கலாமா?

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். அந்தத் துண்டைச் சூடான வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டு வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கரைய ஆரம்பித்தால் அது ஸ்ட்ரூவைட் என்ற உப்புப் படிகம். மீனில் இயற்கையாக இருக்கும் மெக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து உருவாவது. கெடுதல் இல்லை. கரையவே இல்லை என்றால் கண்ணாடியாக இருக்கலாம், உடனே புகார் கொடுங்கள். டின்னின் உட்சுவரில் தெரியும் கறுப்புப் படலமும் பெரும்பாலும் மீனின் கந்தகம் உலோகத்தோடு சேர்ந்து வருவதுதான். ஆனால் கறுப்போடு நாற்றமும் உப்பலும் இருந்தால் அது வேறு கதை.

சாப்பிட்டாகிவிட்டது. எப்போது பயப்பட வேண்டும்?

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பில் தடிப்பு வந்து, நெஞ்சு படபடத்தால் அது ஹிஸ்டமின் நஞ்சாக இருக்கலாம். பலர் இதை 'மீன் அலர்ஜி' என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மருத்துவரிடம் டின் மீன் சாப்பிட்டதைச் சொல்லுங்கள்.

இதைவிட மோசமானது பொட்டுலிசம். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் தெரியும், சிலருக்கு நாட்களும் ஆகும். கண் இமை தானாகக் கீழே இறங்குவது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, எச்சில் விழுங்க முடியாமை, பிறகு கை கால் தளர்ச்சி. காய்ச்சல் இருக்காது, நினைவு தெளிவாக இருக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, சிஎம்சியோ, எது பக்கமோ அங்கே போங்கள். மிச்ச மீனையும் டின்னையும் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போங்கள். வைத்தியத்துக்கும் அது தேவை, பிறகு வழக்குக்கும் தேவை.

பறிமுதல் செய்யும் அதிகாரம் யாருக்கு? மாநகராட்சி சுகாதார ஆய்வாளரிடம் போகலாமா?

வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்த காலத்தில் நகராட்சி ஆட்கள்தான் கடைக்கு வந்து உணவு மாதிரி எடுப்பார்கள். 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. பெரியவர்கள் பலர் இன்னும் அந்த நினைப்பில்தான் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகிறார்கள். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. இப்போது பொறுப்பு தமிழ்நாடு உணவுப் பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறையிடம். களத்தில் வருபவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். அவருக்கு மேலே மாவட்ட நியமன அலுவலர். மாநில அளவில் உணவுப் பாதுகாப்பு ஆணையர்.

ஆம்பூர், ஆற்காடு ஆட்களும் வேலூருக்குத்தான் வர வேண்டுமா?

இல்லை. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் திருப்பத்தூர் மாவட்ட நியமன அலுவலரிடம் போக வேண்டும். ஆற்காடு, வாலாஜாப்பேட்டை, அரக்கோணம், சோளிங்கர் எல்லாம் ராணிப்பேட்டை. காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் வேலூரிலேயே இருக்கின்றன. பழக்கத்தில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டுபோனால், அதை அடுத்த மாவட்டத்துக்கு அனுப்புவதற்குள் கடையில் சரக்கு காணாமல் போயிருக்கும். கடை எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கே கொடுங்கள்.

புகார் எப்படிக் கொடுப்பது?

94440 42322 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். மாவட்ட நியமன அலுவலர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் கொடுக்கலாம், அதற்கு ரசீது உண்டு.

என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். 'அந்தக் கடையில் கெட்டுப்போன மீன் விற்கிறார்கள்' என்று ஒரு வரி எழுதினால் அதிகாரி எதைத் தேடுவார்? கடையின் பெயர், தெரு, வாங்கிய தேதி, டின்னின் பெயர், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), தயாரித்த தேதி, கடைசித் தேதி, 14 இலக்க உணவு உரிம எண், இவ்வளவும் இருக்க வேண்டும். டின்னை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுங்கள். மூடியில் அச்சடித்த எண்ணைத் தனியாக எடுங்கள். பில் இருந்தால் அதையும் எடுங்கள். பில் கேட்காமல் வாங்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடைப்பது கஷ்டம்.

அதிகாரி கடைக்கு வந்தால் என்னென்ன செய்யலாம்?

சட்டத்தின் 38-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. விற்கும் இடத்துக்குள்ளும் சரக்கு வைத்திருக்கும் இடத்துக்குள்ளும் நுழைந்து பார்க்கலாம். மாதிரி எடுக்கலாம். சட்டத்துக்கு மாறானது என்று தோன்றும் உணவைப் பறிமுதல் செய்யலாம். கணக்குப் புத்தகங்களையும் கைப்பற்றலாம். கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனும் இதில் அடங்கும். 'அது வீடு, கடை இல்லை' என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. விற்பனைக்கான சரக்கு அங்கே இருந்தால் அந்த வாதம் நிற்காது.

மாதிரி எடுப்பதற்கு முறை இருக்கிறதா?

இருக்கிறது. வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இங்கேதான். மாதிரி எடுக்கப்போவதாகப் படிவம் 5ஏ-இல் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். ஒருவரையாவது சாட்சியாக அழைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். எடுத்த மாதிரியை நான்கு பகுதியாக்கி ஒவ்வொன்றையும் சீல் வைக்க வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலருக்கு, நான்காவது, கடைக்காரர் கேட்டால், அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்கு. மாதிரிக்கு வழக்கமான விற்பனை விலையை அதிகாரி கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

கடைக்காரர்கள் நான்காவது பகுதியைப் பற்றிக் கேட்பதே இல்லை. சரக்கு நல்லது என்று உறுதியாக நம்பினால் அந்த இடத்திலேயே கேளுங்கள், எழுதிக் கொடுங்கள். ஆய்வகக் கட்டணம் உங்களுடையது.

பறிமுதல் செய்த பெட்டிகள் எங்கே இருக்கும்?

பெரும்பாலும் உங்கள் குடோனிலேயே. அதிகாரி சீல் வைத்து, கடைக்காரரின் பாதுகாப்பிலேயே விட்டுப்போகலாம். சரக்கின் மதிப்புக்குச் சமமான தொகைக்கு ஜாமீனோடு பத்திரம் எழுதி வாங்கலாம். சீலை உடைத்து நாலு பெட்டியை விற்றுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பறிமுதல் செய்த உணவை அனுமதியில்லாமல் நகர்த்துவதே தனிக் குற்றம். 60-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விழலாம். மீன் நல்ல மீனாகவே இருந்தாலும் இந்தக் குற்றம் தனியாக நிற்கும்.

பிடித்த அன்றே பினாயில் ஊற்றிக் குழியில் புதைத்துவிடுகிறார்களே, அது சரியா?

எளிதில் அழுகும் பொருளாக இருந்து, மனிதர் உண்ணத் தகாத அளவுக்குக் கெட்டுவிட்டது என்று அதிகாரிக்கு உறுதிப்பட்டால், கடைக்காரருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு அழிக்கலாம். 38-ஆம் பிரிவே இந்த அதிகாரத்தைத் தருகிறது. வஞ்சிரமோ சங்கராவோ ஐஸ் இல்லாமல் நாறிக் கிடந்தால் அன்றே புதைப்பதுதான் சரி. வெடித்து ஒழுகும் டின்னையும் வைத்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் மூடி திறக்காத, உப்பிய டின் அப்படிப்பட்டது இல்லை. சீல் வைத்துப் பத்திரமாக வைக்கலாம். மாதிரியே எடுக்காமல் ஐம்பது பெட்டியைப் புதைத்துப் படம் எடுத்துக்கொண்டால் அந்தக் கடைக்காரர் மட்டும் அடங்குவார். அதே தொகுதி எண்ணில் இன்னும் எத்தனை பெட்டி காட்பாடியிலும் ஆரணியிலும் திருவண்ணாமலையிலும் இறங்கியிருக்கிறது? அனுப்பிய மொத்த வியாபாரி யார்? டின்னை அடைத்தபோதே தவறா, லாரியிலா, குடோனிலா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய சாட்சி அந்த டின்தான். அதை முதல் நாளே குழியில் போட்டால் மேலே இருப்பவர் நிம்மதியாகத் தூங்குவார். மாதிரி எடுங்கள், தொகுதி எண்களைப் பட்டியல் போடுங்கள், பில்களைக் கைப்பற்றுங்கள், அப்புறம் அழியுங்கள். புகார் கொடுத்தவர்களும் 'அழித்துவிட்டார்களா' என்று கேட்பதோடு நிற்காமல் 'மாதிரி போனதா' என்று கேட்க வேண்டும்.

ஆய்வு முடிவு எப்போது வரும்?

மாதிரி கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் கிண்டி, சேலம், கோவை, மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. அறிக்கை தவறு என்று நினைக்கும் கடைக்காரர் 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் ஏற்றால் இன்னொரு பகுதி மாதிரி மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சிஎஃப்டிஆர்ஐ) அப்படிப்பட்ட ஒன்று. அங்கே வரும் முடிவே இறுதி.

என்ன தண்டனை?

அறிக்கை என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது. 'தரம் குறைந்தது' என்றால் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். 'தவறான லேபிள்' என்றால் மூன்று லட்சம் வரை. சுகாதாரமில்லாமல் தயாரித்தாலோ பதப்படுத்தினாலோ ஒரு லட்சம் வரை. இவை நீதிமன்றத்துக்குப் போவதில்லை, மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து முடிவு செய்வார்.

'பாதுகாப்பற்றது' என்று அறிக்கை வந்தால்தான் குற்ற வழக்கு. யாருக்கும் பாதிப்பு இல்லாவிட்டாலும் மூன்று மாதம் வரை சிறை, மூன்று லட்சம் வரை அபராதம். 2023-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகான அளவு இது, முன்பு ஆறு மாதமும் ஒரு லட்சமும். கடும் பாதிப்பு ஏற்பட்டால் ஆறு ஆண்டு வரை சிறை. உயிர் போனால் ஏழு ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரையும், அபராதம் பத்து லட்சத்துக்குக் குறையாமலும் போகும்.

நான் சின்ன மளிகைக் கடைக்காரன். டின்னை நானா அடைத்தேன்? என்னை ஏன் பிடிக்கிறார்கள்?

நியாயமான கேள்வி. 27-ஆம் பிரிவு தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, விற்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொறுப்பு வைத்திருக்கிறது. கடைசித் தேதி தாண்டிய பிறகு விற்றால், சுகாதாரமில்லாமல் வைத்திருந்தால், யாரிடம் வாங்கினேன் என்று காட்ட முடியாமல் போனால், கெட்டது என்று தெரிந்தே வாங்கியிருந்தால் விற்பவர் மாட்டுவார். உப்பிய டின் அலமாரியில் கண்ணுக்கு நேராக இருந்தால் 'தெரியாது' என்று சொல்வது கடினம்.

ஆனால் முறையாக பில் போட்டு வாங்கி, நிழலில் வைத்து, தேதிக்குள் விற்றிருந்தால் உங்களுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. தேவையான முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன் என்று நிரூபிக்கலாம். அதற்கு ஆதாரம் மொத்தக் கடை பில். அதில் தொகுதி எண் இருந்தால் இன்னும் நல்லது. ஏஜென்சி பையன் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் வாங்காதீர்கள். அந்தச் சீட்டை நம்பினால், அவர்கள் செய்த தவறுக்கு நீங்கள் அபராதம் கட்டுவீர்கள்.

ரிட்டன் சரக்கை ஏஜென்சி எடுக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

விற்பனை அலமாரியிலிருந்து உடனே எடுத்து, தனிப் பெட்டியில் போட்டு, 'விற்பனைக்கு அல்ல' என்று பெரிதாக எழுதி வையுங்கள். எத்தனை டின், எந்தத் தொகுதி என்று குறித்து ஏஜென்சிக்கு வாட்ஸ்அப்பிலாவது அனுப்புங்கள். நல்ல சரக்கோடு கலந்து கிடந்தால் அது விற்பனைக்கு வைத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

தேதியை அழித்து வேறு தேதி அடித்திருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூடியிலோ அடியிலோ இருக்கும் எண்ணையும் காகித லேபிளில் இருக்கும் தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தேதி இருக்கும் இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், தின்னர் வாசனை அடித்தால், ஒரே பெட்டியில் இருக்கும் டின்களில் எழுத்தின் அளவு மாறினால், ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தால் சந்தேகப்படுங்கள். கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். ஒரு டின்னை பில்லோடு வாங்கி, படம் எடுத்துப் புகார் கொடுங்கள்.

வெளிநாட்டு டின் விற்கலாமா?

துறைமுகம் வழியாக உரிமத்தோடு இறக்குமதி செய்தால் விற்கலாம். அப்போது டின்னில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, உரிம எண் இருக்கும். இறக்குமதியாகும்போது மொத்த ஆயுளில் 60 சதவீதமோ மூன்று மாதமோ, எது குறைவோ அந்த அளவாவது மிச்சம் இருக்க வேண்டும். துபாயிலிருந்து உறவினர் கொண்டுவந்த டின்னை வீட்டில் சாப்பிடலாம். அதையே கடையில் அடுக்கி விற்றால், மீன் நன்றாக இருந்தாலும் சட்டமீறல்தான்.

அதிகாரி வராவிட்டால் நானே ஆய்வுக்கு அனுப்பலாமா?

40-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கட்டணம் கட்டினால் பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தருவார். உணவு சட்டத்துக்கு மாறானது என்று வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு நிபந்தனை: ஆய்வுக்கு அனுப்பப்போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். இது தெரியாமல் போகிறவர்கள்தான் அதிகம். ஒரு நண்பரைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

நஷ்டஈடு கிடைக்குமா?

65-ஆம் பிரிவின்படி, உயிர் போனால் குடும்பத்துக்கு ஐந்து லட்சத்துக்குக் குறையாமலும், கடும் பாதிப்புக்கு மூன்று லட்சம் வரையும், மற்ற பாதிப்புக்கு ஒரு லட்சம் வரையும் கொடுக்க உத்தரவிடலாம். இது தவிர 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, டின் மீன் வழக்கு எல்லாமே அதற்குள்தான் வரும். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் 'டின் மீன் சாப்பிட்ட பின்' என்று மருத்துவர் எழுதியிருந்தால் வழக்குக்குப் பலம். வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்களும் போடலாம், ஊருக்குத் திரும்பிய பிறகு அங்கிருந்தும் போடலாம்.

அதிகாரியே தொல்லை கொடுத்தால்? அதிகாரி மேல் யாராவது பொய்ப் புகார் கொடுத்தால்?

இரண்டுக்கும் 39-ஆம் பிரிவு இருக்கிறது. காரணமே இல்லாமல், தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு பறிமுதல் செய்த அதிகாரிக்கு ஒரு லட்சம் வரை அபராதம். அதிகாரி மேல் கொடுத்த புகார் பொய் என்று தெரியவந்தால், கொடுத்தவருக்கு ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை. நல்லெண்ணத்தோடு, கையில் டின்னையும் பில்லையும் வைத்துக்கொண்டு கடை மேல் புகார் கொடுப்பவர் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

வீட்டு அலமாரியில் ஒரு டின் உப்பிக் கிடக்கிறது. எப்படி அப்புறப்படுத்துவது?

திறக்காதீர்கள், ஆணியால் குத்திக் காற்றை விடாதீர்கள். காயலான் கடையில் போடாதீர்கள், அங்கே ஒரு சிறுவன் அதைத் திறக்கக்கூடும். தெரு நாய்க்கும் பூனைக்கும் கூட வைக்க வேண்டாம். புகார் கொடுப்பதாக இருந்தால் படம் எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பையில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, 'கெட்டது' என்று எழுதிக் குழந்தைகள் எட்டாத நிழலான இடத்தில் வையுங்கள். அதிகாரி பார்த்த பிறகோ, புகார் வேண்டாம் என்று முடிவு செய்தாலோ, பையை அவிழ்க்காமல் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் அவரிடம் வாயால் சொல்லுங்கள். டின் ஒழுகியிருந்தால் கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் அலமாரியைத் துடைத்து, துடைத்த துணியையும் அதே பையில் போட்டுவிடுங்கள்.